எட்டுகிற இலக்கு: ராமேசுவரம் கடற்கரை சொல்லும் கணக்கு

ஜனவரி முதல் தேதி விடியும்போது ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. பாம்பன், தங்கச்சிமடம் தேவாலயங்களில் முந்தின இரவே புத்தாண்டுத் திருப்பலி முடிந்திருக்கும். ராமநாதபுரம் கடைத்தெருவில் நாட்காட்டியும் டைரியும் விற்றுக்கொண்டிருக்கும். கும்பிடுகிற சாமி எதுவானாலும் அன்றைக்கு மனசுக்குள் எடுக்கிற தீர்மானங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: குடியை விடணும், கடனை அடைக்கணும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கணும், கவர்மென்ட் பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கணும். பொங்கல் கரும்பு தீர்வதற்குள் அவற்றில் பல மறந்துபோகும் என்பதும் ஊரறிந்ததுதான்.

இதைக் கேலி பேசிக் கடந்துவிடலாம். ஆனால் சில தீர்மானங்கள் நிற்கவும் செய்கின்றன. எது நிற்கிறது, எது சாய்கிறது, ஏன்? இந்தக் கேள்விக்கு உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கணக்கெடுத்து விடை தேடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வெகு முன்பிருந்தே, நாளும் காற்றும் பார்த்துத் தொழில் செய்யும் ராமநாதபுரக் கடற்கரை தன் வழியில் ஒரு விடையை நடைமுறையாக வைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெளிவாவது இது: பெரும்பாலான புத்தாண்டுத் தீர்மானங்கள் பெரிதாக இருப்பதால் உடைவதில்லை. வேலைக்கும் வருமானத்துக்கும் பருவம் இருக்க, தீர்மானத்தை மட்டும் ஒரு முழு ஆண்டுக்கு நீட்டிவிடுகிறோம். அங்கேதான் முறிகிறது.

எண்கள் சொல்வது

புத்தாண்டுத் தீர்மானங்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நார்கிராஸ் 1980-களில் செய்தது. தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு ஆண்டுகள் விடாமல் விசாரித்தார்கள். முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 விழுக்காடு. இரண்டு ஆண்டு முடிவில் மிஞ்சியவர்கள் 19 விழுக்காடு. இந்த எண்ணைக் காட்டித்தான் ‘தீர்மானமே வீண்’ என்று பலர் சொல்லிவிடுகிறார்கள்.

அதே நார்கிராஸின் 2002-ஆம் ஆண்டு ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. ஒரே மாதிரியான மாற்றத்தை விரும்பிய இரு கூட்டத்தாரை அவர் ஒப்பிட்டார். ஒரு சாரார் ஜனவரியில் தீர்மானம் எடுத்தவர்கள். மறு சாரார் ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, தீர்மானம் எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் வெற்றி கண்டிருந்தனர். எடுக்காதவர்களில் 4 விழுக்காடுதான். ஆக, தீர்மானம் எடுப்பதில் பலன் இருக்கிறது. எடுக்கும் விதத்தில்தான் கோளாறு.

விதம் பற்றிய ஆய்வுகளும் ஏராளம். எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல பத்தாண்டுகள் சோதித்துச் சொன்னது: ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று விட்டுவிடுவதைக் காட்டிலும், இன்னது, இவ்வளவு என்று குறிப்பாகவும் கொஞ்சம் கடினமாகவும் இலக்கு தந்தால் மனிதர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். அதற்கான திறனும், எவ்வளவு தூரம் வந்தோம் என்று அவ்வப்போது தெரிந்துகொள்ளும் வழியும் இருந்தாக வேண்டும். இலக்கு குறிப்பாகவும் அளக்கக்கூடியதாகவும் கெடுவோடும் இருக்க வேண்டும் என்று 1981-இல் ஜார்ஜ் டோரன் நிர்வாக உலகுக்குத் தந்த ‘ஸ்மார்ட்’ சூத்திரம் இதே போக்கில் வந்ததுதான். இன்று அது இல்லாத பயிற்சி வகுப்பு கிடையாது. சுவீடனில் 1,066 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. ‘இதை விடுவேன்’ என்று தீர்மானித்தவர்களில் 47 விழுக்காட்டினர் வெற்றி பெற, ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானித்தவர்களில் 59 விழுக்காட்டினர் வெற்றி பெற்றனர்.

இவற்றைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நடந்தது மாதச் சம்பளமும் முன்கூட்டியே தெரிந்த விடுமுறையும் உள்ள சமூகங்களில். இன்று மீன்பாடு உண்டு, நாளைக்கு இல்லை, இந்த மாதம் மழை, அடுத்த மாதம் காய்ச்சல் என்று ஓடும் ஊருக்கு அந்த அறிவுரையை அப்படியே பொருத்தினால் ஒட்டாது. இங்கே கேட்க வேண்டிய கேள்விகளைத் திருக்குறளின் பொருட்பால் வரிசையாகவே வைத்திருக்கிறது: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்குச் சொன்ன அந்த மூன்று அதிகாரத் தலைப்புகளும் ஒரு வலைக்காரருக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கும் அதே வரிசையில் பொருந்தும்.

வலி: கையில் என்ன இருக்கிறது?

2017 ஜூலை 27 அன்று பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைத் திறந்துவைக்கப் பிரதமர் வந்தபோது, ராமேசுவரம் மீனவர்களுக்கு ஆழ்கடல் தூண்டில் படகுகளுக்கான அனுமதிக் கடிதங்களும் வழங்கப்பட்டன. பாக் நீரிணையில் இழுவலை போடும் விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன் பிடிப்புக்கு மாற்றும் திட்டம் அது. இலக்கு: மூன்று ஆண்டில் 2,000 படகுகள். ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் 70 விழுக்காட்டை மத்திய, மாநில அரசுகள் தரும், 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு மீனவர் பங்கு. முதல் ஐந்து ஆண்டில் கட்டி முடித்துக் கைக்கு வந்த படகுகள் நூறைக்கூடத் தொடவில்லை.

நோக்கத்தில் யாருக்கும் மறுப்பில்லை. இலங்கைக் கடற்படையிடம் சிக்காமல், அடிக்கடலைச் சுரண்டாமல் பிழைக்க ஒரு வழி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ராமேசுவரம் விசைப்படகுக்காரர் காலையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பிப் பழகியவர். நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது, தூண்டில் கயிறு விடுவது, சூரை மீனைக் கெடாமல் காப்பது எல்லாம் வேறு தொழில். மானியம் போக, அவர் பங்காக எட்டு லட்சமும் கடனாகப் பதினாறு லட்சமும் தலையில் ஏறும். தீர்மானத்தின் அளவும் கையில் இருந்த பழக்கம், பணம், தெம்பு ஆகியவற்றின் அளவும் ஒன்றையொன்று எட்டவில்லை. பத்து கிலோமீட்டர் ஓடியே தீருவேன் என்று ஜனவரியில் புதுக் காலணி வாங்கி, பிப்ரவரியில் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறவருக்கு நேர்வதும் இதே கதைதான், சிறிய அளவில்.

எதிர்ப்பக்க உதாரணமும் இதே தீவில் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் 146 கண்களில் 126-இன் இரும்பு உத்தரங்களைக் கடலுக்குள் தள்ளியது. 1965 புத்தாண்டு பிறந்தபோது ரயில்வேயின் முன் இருந்த கெடு ஆறு மாதம். தெற்கு ரயில்வேயின் மேலிடம் அதை மூன்று மாதமாகக் குறைத்து, 32 வயதுப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் பொறுப்பைக் கொடுத்தது. வேலை 46 நாளில் முடிந்தது. வீரக்கதையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கெடு சுருங்க முக்கியமான காரணம் ஒன்று இருந்தது: புதிதாக வார்த்துக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்த உத்தரங்கள் கடலடியில் கிடப்பது தெரியவந்தது. அவற்றைத் தூக்கி மறுபடி பொருத்தினார்கள். இருப்பு என்ன என்று தெரிந்ததும் வேலையின் அளவே மாறிவிட்டது.

கையிருப்பை எண்ணிப் பார்ப்பதில் அரசுத் திட்டம் ஒன்றும் நல்ல பாடம் தருகிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை ராமநாதபுரமும் விருதுநகரும். நாடு முழுக்க 112 மாவட்டங்கள். சுகாதாரம், கல்வி, வேளாண்மை, நிதிச் சேவை, அடிப்படை வசதி என்று 49 அளவுகோல்கள். இதில் கவனிக்க வேண்டியது தரவரிசை போடும் முறை. கோயம்புத்தூரோடு ராமநாதபுரத்தை வைத்துப் பார்ப்பதில்லை. போன மாதம் இருந்த இடத்திலிருந்து இந்த மாதம் எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். தனி மனிதருக்கும் இதுவே தகும். பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை மார்க் என்பதை விட, தன் போன மாதத்துச் சர்க்கரை அளவு, தன் போன மாதத்துக் கடன் பாக்கி என்பவைதாம் பயன்படுகிற எண்கள். எழுதி வைத்த பழைய எண் இல்லாமல் எடுக்கிற தீர்மானத்துக்கு முன்னேற்றம் தெரிய வழியே இல்லை.

காலம்: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை?

சித்திரை முதல் நாள், தமிழ்ப் புத்தாண்டு, ஏப்ரல் 14. மறுநாள் ஏப்ரல் 15-இல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது 2017-இலிருந்து 61 ஆனது. அந்த நாள்களில் படகைக் கரையேற்றி, அடிப்பலகையைச் சுரண்டி, வர்ணம் பூசி, வலையைச் சரிபார்ப்பார்கள். வருமானம் நின்று செலவு கூடும் காலம் அது. தடை முடிவதும் பள்ளி திறப்பதும் ஒரே மாதத்தில் வரும்.

இந்த வீட்டில் ஒருவர் ஜனவரி முதல் தேதி ‘மாதம் ஐயாயிரம் சேர்ப்பேன்’ என்று பன்னிரண்டு மாதத்துக்குத் தீர்மானம் எடுத்தால், அது ஏப்ரல் மூன்றாம் வாரம் உடையும். உடைவதற்கு அவருடைய மனவுறுதியில் குறை எதுவும் வேண்டியதில்லை, நாட்காட்டியே போதும். அதையே ‘தை முதல் பங்குனி வரை சேர்ப்பேன், சித்திரை வைகாசியில் எடுப்பேன், படகு கடலுக்குப் போனதும் மறுபடி தொடங்குவேன்’ என்று எடுத்திருந்தால் எங்கும் முறியாது. விசைப்படகை நம்பிய குடும்பத்துக்குக் கணக்கு ஆண்டு உண்மையில் ஜூன் 15-இல் பிறக்கிறது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் முண்டு மிளகாய் போடுகிறவருக்குப் புரட்டாசியில் பிறக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் குண்டு மிளகாய் பணமாகித் திரும்ப மாசி, பங்குனி ஆகும். கடற்பாசி வளர்க்கிறவருக்கு ஆண்டு என்பதே பெரிதாகக் கிடையாது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் கப்பாபைகஸ் விதைப்பாசியை முடிந்து, மீன் கடிக்காமல் அடியில் வலை கட்டி விட்டால் 45 நாளில் அறுவடை. அறுத்ததில் அடுத்த மிதவைக்கான விதையை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் காயவைப்பார்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தொடங்கி முடிந்து, கணக்குப் பார்த்து, மறுபடி தொடங்குகிற வேலை. ஒரு தடவை காற்றில் மிதவை அறுந்தாலும் போவது 45 நாள் உழைப்புதான், ஆண்டு முழுவதும் இல்லை.

பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர்களின் வரலாறும் காலத்தைத்தான் பேசுகிறது. 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். 1994-இல் பன்னிரண்டு வயது குற்றாலீசுவரன் கடந்தார். 2022 மார்ச்சில் ஆட்டிசம் உள்ள பதின்மூன்று வயதுச் சிறுமி ஜியா ராய் 13 மணி 10 நிமிடத்தில் அரிச்சல்முனையைத் தொட்டார். சென்னும் ஜியா ராயும் இறங்கிய மாதங்களைப் பாருங்கள்: வடகிழக்கு வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் கச்சான் காற்று இன்னும் வலுக்காத மார்ச், ஏப்ரல் இடைவெளி. ஜனவரியில் சபதம் எடுக்கலாம். அன்றைக்கே கடலில் இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாடை வீசும் மாதங்கள் பயிற்சிக்கும் அனுமதி வாங்கவும் உரியவை. இலக்கைத் தொடங்கும் நாளையும் அதற்கு ஆயத்தமாகும் நாளையும் பிரித்துப் பார்ப்பது இந்த மாவட்டத்து விவசாயிக்கும் புதிதல்ல. மழை வந்த பிறகு நாற்றுக்கு ஓடாமல், மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டுக் காத்திருப்பவர் அவர்.

விரதங்களும் இதே கணக்கில் அமைந்தவை. ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம், 41 நாள். கிறித்தவர்களின் தவக்காலம் 40 நாள். ரமலான் 29 அல்லது 30 நாள். வருஷம் பூராவும் குடிக்கிறவர் அந்த 41 நாளும் தொடாமல் இருப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். முடிவு தெரிகிறது, கழுத்தில் அடையாளம் இருக்கிறது, கூட நாலு பேர் இருக்கிறார்கள், குருசாமி கேட்பார் என்ற கூச்சம் இருக்கிறது. மாலை கழற்றிய மறுநாளுக்கு மட்டும் ஏற்பாடு ஒன்றும் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரைக் கவனித்தபோது, ஒரு புதிய அன்றாடச் செயல் தானாக நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆனது, 254 நாளும் ஆகும் என்று கணித்தார்கள். மண்டலம் அந்த 66-க்கு முன்பே முடிந்துவிடுகிறது. 42-ஆம் நாள் காலை என்ன செய்வது என்பதை மாலை போடும் அன்றே முடிவு செய்தவருக்குத்தான் விரதம் பழக்கமாகும்.

இடம்: எங்கே, எது நடந்ததும்?

ராமேசுவரத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்ப் பேச்சில் அமைதியான வடக்குக் கடல் பெண் கடல், அலை மிகுந்த தெற்குக் கடல் ஆண் கடல். வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். கச்சான் வீசும்போது நேர்மாறு. நாட்டுப்படகுக்காரர்கள் காற்று திரும்பினால் படகைக் கொண்டுபோய் மறுபக்கம் கட்டித் தொழில் செய்து வந்திருக்கிறார்கள். காற்றோடு மல்லுக்கு நிற்காமல் இடத்தை மாற்றுகிற புத்தி அது.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் கண்டதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்பதை விட, ‘இன்ன இடத்தில் இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று இடத்தையும் சமயத்தையும் செயலோடு முடிச்சுப் போட்டவர்கள் கூடுதலாகச் செய்து முடித்தார்கள். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அந்த உண்மை நிலைத்தது. நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: ‘குடிக்க மாட்டேன்’ என்ற தீர்மானம் காற்றில் நிற்கிறது. ‘காலையில் கரைக்கு வந்து பங்குப் பணம் கைக்கு வந்ததும், கடைத்தெரு வழியாகப் போகாமல் கடற்கரைப் பாதையில் நேரே வீட்டுக்குப் போய்ப் பணத்தை மனைவி கையில் கொடுப்பேன்’ என்ற தீர்மானத்துக்கு நேரமும் வழியும் சாட்சியும் இருக்கின்றன. விடுவதைச் சொல்லாமல் செய்வதைச் சொல்வதால் சுவீடன் ஆய்வு காட்டிய பலனும் கூடவே கிடைக்கும்.

கடலுக்குப் போகாத நாள்

புத்தாண்டு அறிவுரைகளில் அனேகமாக இடம்பெறாத ஒன்று இந்தக் கடற்கரையில் பேருண்மையாக இருக்கிறது. எந்த நாளில் செய்யக் கூடாது என்பதையும் இங்கே முன்கூட்டி முடிவு செய்கிறார்கள். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. வலைகள் அறுந்து, கைகலப்பு நடந்து, அதன் பிறகு வந்த ஏற்பாடு இது. பல பத்தாண்டு கடந்தும் இந்தக் கிழமைக் கணக்கு பேச்சில் இருக்கிறது.

பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசிக்குப் போகிற பெண்களிடம் இதைவிடக் கறாரான ஒரு கணக்கு உண்டு. விரல்களில் துணியைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் நீர் புகாத கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பிய்த்துப் பைக்குள் போட்டு மேலே வருகிறார்கள். நாள் முழுக்க இதையே செய்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட பிறகு வனத்துறையோடு இழுபறியும் சேர்ந்துகொண்டது. இந்தப் பெண்கள் கூட்டமைப்பாகக் கூடித் தங்களுக்கே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, இரும்புச் சுரண்டி கூடாது. அந்த இயக்கத்தில் முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. பன்னிரண்டு நாளோடு நிறுத்துவதால் பாசி மறுபடி தழைக்கிறது, எடுக்கிற உடம்பும் தேறுகிறது.

தனிமனிதத் தீர்மானத்தில் இந்த விடுப்பு நாள் பெரும்பாலும் இருப்பதில்லை. தினமும் ஓடுவேன், தினமும் ஐந்து மணிக்கு எழுந்து படிப்பேன் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். காய்ச்சலோ கல்யாணமோ குறுக்கே வந்து ஒரு நாள் தவறியதும் ‘போச்சு’ என்று மொத்தத்தையும் கைவிடுகிறார்கள். வாரத்தில் நான்கு நாள் என்று தீர்மானித்தவருக்கு மீதி மூன்று நாள் கையிருப்பு. கல்யாணம் அதில் விழுந்துவிட்டுப் போகட்டும்.

தவறிய நாளைப் பற்றி நார்கிராஸின் பழைய ஆய்வே ஆறுதல் தருகிறது. இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்து வெற்றி பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் சறுக்கியவர்கள். சராசரியாகப் பதினான்கு தடவை. லாலியின் ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. இந்த மண்ணின் பிள்ளையான கலாமின் வாழ்க்கையை மாணவர்களுக்குக் கனவு என்ற ஒற்றைச் சொல்லாகவே நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய முதல் பெரிய இலக்கு விமானப்படை விமானி ஆவது. டேராடூன் தேர்வில் 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் தலைமையில் ஏவிய எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. பதினொரு மாதம் கழித்து, 1980 ஜூலை 18-இல், அதே வகை ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்துவிட்டுப் போன அந்த மனிதரிடம் நம் பிள்ளைகள் கற்க வேண்டியது, தவறிய தேதிக்குப் பிறகு அடுத்த தேதியைக் குறித்த முறையைத்தான்.

பணம்: தொகையா, பங்கா?

புத்தாண்டுத் தீர்மானங்களில் பாதி பணத்தில் வந்து முடியும். கடற்கரையில் வருமானம் பங்குக் கணக்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிஞ்சியதில் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். செலவுக்கே காணாத நாளும் உண்டு. இப்படி வருகிற பணத்தில் மாதம் இவ்வளவு ரூபாய் என்ற நிலையான தொகை பொருந்தாது. ‘கைக்கு வருகிற ஒவ்வொரு பங்கிலும் பத்தில் ஒன்று’ என்று வைத்தால் மீன்பாடு நன்றாக இருக்கும் நாளில் கூடவும், இல்லாத நாளில் குறையவும் தானே சரியாகிவிடும். சுழியம் வந்த நாளில் சேமிப்பும் சுழியம், தீர்மானம் உடையவில்லை.

பூட்டி வைப்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் ஒன்பது மாதத்தில் 1,500 ரூபாய் கட்டினால், அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆக, வருமானம் குறைந்த மாதங்களில் திருப்பித் தருகின்றன. தொகை சிறிது. அமைப்பு அருமை: பருவத்தில் கட்டு, பஞ்சத்தில் எடு, இடையில் கை வைக்க முடியாது. பிலிப்பைன்ஸில் நவா அஷ்ராஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், தாங்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கை ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களுக்குத் தந்து பார்த்தது. கேட்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர்தான் ஏற்றார்கள். ஆனாலும் ஓராண்டில் அந்தக் கூட்டத்தாரின் சேமிப்பு மற்றவர்களைக் காட்டிலும் வெகுவாக ஏறியிருந்தது. மகளிர் குழுவும் ஊர்ச் சீட்டும் இத்தனை காலம் நம்மிடையே ஓடுவதன் ரகசியமும் இதே பூட்டுத்தான்.

கை மீறியவை

இத்தனைக்கும் பிறகு ஓர் எதிர்வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தீர்மானம் உடைவதற்கு எப்போதும் ஆளே காரணமா? எல்லை தாண்டியதாக ஆண்டுதோறும் ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போகிறது. படகு திரும்பி வராவிட்டால் அந்தக் குடும்பத்தின் இலக்கு எல்லாம் ஒரே இரவில் பொருளற்றதாகிவிடும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய் நிறையாது, மிளகாய் இல்லை. முன்பணம் வாங்கிய இடத்தில்தான் மீனைப் போட வேண்டும் என்ற கட்டு இருந்தால் விலை அவர் கையில் இல்லை. அப்படிப்பட்டவரிடம் ‘மனசு வைத்தால் முடியும்’ என்று சொல்வது அறிவுரை ஆகாது, பழி சுமத்துவது. ஜேனட் பாலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற கனடிய ஆய்வாளர்கள், மனசு வைத்தால் எல்லாம் முடியும் என்று நம்பிச் சிக்கும் சுழலுக்குப் பொய் நம்பிக்கை என்று பெயர் வைத்தார்கள்: எவ்வளவு சுலபம், எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பெரிய மாற்றம் என்று மிகையாக எதிர்பார்த்து, தோற்று, மீண்டும் அதே எதிர்பார்ப்போடு தொடங்கும் சுழல்.

இதற்கு விடை இலக்கையே வைக்காதிருப்பது ஆகாது. கையில் உள்ளதையும் கையில் இல்லாததையும் பிரித்து, கையில் உள்ளதன் மேல் இலக்கை வைப்பதுதான் வழி. எவ்வளவு மீன் என்பது கடலின் கையில். எந்தக் கிழமை போவது, எவ்வளவு ஒதுக்குவது என்பது நம் கையில். குரூப் 4 தேர்வில் கட் ஆஃப் எங்கே நிற்கும் என்பது ஆணையத்தின் கையில். நாளொன்றுக்குப் பழைய வினாத்தாளில் ஐம்பது கேள்வி என்பது படிக்கிறவர் கையில். மீதி, அதாவது படகை மீட்பதும் கண்மாயைத் தூர்வாருவதும் நியாயமான கடன் தருவதும், அரசின் தீர்மானப் பட்டியலில் இருக்க வேண்டியவை. அவற்றைத் தனி மனிதர் டைரியில் எழுதி வைக்கக் கூடாது.

இரண்டு புத்தாண்டுக்கு நடுவே

2014-இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் காட்டியது: ஆண்டுத் தொடக்கம் மட்டுமின்றி வாரம், மாதம், படிப்புப் பருவம் என எந்தத் தொடக்கமும் மனிதர்களை உந்துகிறது. தொடக்கங்களுக்குத் தமிழர்களிடம் பஞ்சமில்லை. ஆங்கிலப் புத்தாண்டு, தை, சித்திரை, ஆடி என்று வரிசையாக வருகின்றன. எது உண்மையான தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் தைக்கும் 2011-இல் மறுபடி சித்திரைக்கும் சட்டம் போட்டோம். தீர்மானம் எடுக்கிறவருக்கு இரண்டும் இருப்பது வசதி. ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் கணக்கு முடிக்கலாம்.

ஜனவரி 1 முதல் சித்திரை முதல் நாள் வரை சாதாரண ஆண்டில் 104 நாள். மூங்கில் மிதவைக் கணக்கில் இரண்டு அறுவடை. லாலி சொன்ன 66 நாள் மார்ச் முதல் வாரத்தில் வந்துவிடும். அதன் பிறகும் ஐந்து வாரத்துக்கு மேல் மிச்சம். இரண்டு வாரத்தில் பொங்கல் வரும்போது முதல் சரிபார்ப்பு. அந்த 104 நாளுக்கு ஒரே ஓர் இலக்கு போதும். அதோடு இன்று நிற்கும் எண், வாரத்தில் எந்தெந்தக் கிழமை, எது நடந்ததும் எங்கே செய்வது, எந்த நாளில் செய்யாமல் இருப்பது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, கேட்கக் கூடிய ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.

ஏப்ரல் 14 அன்று அந்தத் தாளை எடுத்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். எட்டியிருந்தால் அடுத்த பருவத்துக்கு அதையே கொஞ்சம் உயர்த்தலாம். பாதி வந்திருந்தால் கிழமையையோ இடத்தையோ மாற்றலாம். ஒன்றுமே நகரவில்லை என்றால் அந்த இலக்கு இப்போதைக்கு நம்முடையதில்லை என்று விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். இழந்தது ஒரு பருவம்தான். ஆண்டு முழுவதற்கும் சபதம் போட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் அடுத்த டிசம்பர் வரை குற்ற உணர்வைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும்.